தோல் புற்றுநோய்க்குப் புரோட்டான் சிகிச்சை: யாருக்குத் தேவை, எப்படிக் கேட்பது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தோல் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் புரோட்டான் கதிர்வீச்சு (அணுவுக்குள் இருக்கும் புரோட்டான் துகள்களைக் கற்றையாகக் கட்டியின் மேல் பாய்ச்சும் சிகிச்சை) தேவைப்படாது. மூக்கு நுனியில் மிளகளவு வந்த பேசல் செல் கட்டியை அனுபவமுள்ள ஓர் அறுவை மருத்துவர் ஒரே நாளில் எடுத்துவிடுவார், அதற்குப் போய் ஒரு கட்டடத்தையே அடைத்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் தேடுவது குருவி தலையில் பனங்காயை வைக்கிற வேலை. ஆனால் மிச்சமிருக்கும் சிலருக்கு, முக்கியமாக முகத்தில் வந்து நரம்பு வழியாக உள்ளே போய்விட்ட நோய்க்கு, இந்தச் சிகிச்சை ஒரு கண்ணைக் காப்பாற்றித் தரக்கூடும். நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோ அந்தச் சிலரில் சேர்த்தியா என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை, அதிலிருந்தே தொடங்குவோம்.

பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

தோல் புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது ஒரே நோய் இல்லை. பேசல் செல் வகை மெதுவாக வளரும், வேறு இடத்துக்குப் பரவுவது அபூர்வம், ஆனால் கவனிக்காமல் விட்டால் இருக்கிற இடத்தையே அரித்துக்கொண்டு எலும்பு வரை போகும். ஸ்குவாமஸ் செல் வகை கொஞ்சம் முரடு, நிணநீர் முடிச்சுகளுக்கும் நரம்புகளுக்கும் போகக்கூடியது. மெலனோமா, மெர்கெல் செல் இரண்டும் வேகமாகப் பரவக்கூடியவை. இதில் மெர்கெல் செல் கதிர்வீச்சுக்கு நன்றாகவே அடங்கும். மெலனோமா அந்த அளவுக்கு அடங்காது, அதனால் அங்கே அறுவையும் மருந்தும்தான் முன்னால் நிற்கும், கதிர்வீச்சு துணைக்கு வரும்.

வகையைப் பார்த்தாச்சு என்றால் அதே ரிப்போர்ட்டில் இன்னும் சில வரிகளைத் தேடுங்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது, வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் புற்றுச் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா, நரம்பைச் சுற்றிப் பரவல் உண்டா, உண்டென்றால் அந்த நரம்பு எவ்வளவு தடிமன். 0.1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடிமனுள்ள நரம்பில் ஸ்குவாமஸ் செல் ஏறியிருந்தால் அதை அதிக ஆபத்துள்ள கட்டியாகவே கணக்கில் எடுப்பார்கள். இந்த வரிகள் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள், அதே ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்வதும் சாதாரண நடைமுறைதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் வராத ஒரு தகவல் உங்களிடம் இருக்கலாம். கட்டி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் மரத்துப்போன உணர்வு, தோலுக்கடியில் எறும்பு ஊர்வது மாதிரி, சுருக் சுருக்கென்று வலி, புருவத்தைத் தூக்க முடியாமல் போவது, பார்க்கும்போது பொருள் இரண்டாகத் தெரிவது, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பலர் இதைப் பழைய அறுவையின் தழும்பு வலி என்றோ பல் கோளாறு என்றோ நினைத்து மாதக்கணக்கில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். முகத்துத் தோலுக்கு உணர்வு தருவது ஐந்தாம் மூளை நரம்பு, தசைகளை அசைப்பது ஏழாம் நரம்பு, இரண்டும் மண்டையோட்டின் அடிப்பகுதி வழியாக மூளைத் தண்டுக்குப் போய்ச் சேர்கின்றன. நோய் அந்தப் பாதையைப் பிடித்துவிட்டதா என்று பார்க்க, சாயம் செலுத்தி எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டும். சாதாரண சிடி ஸ்கேனில் அது தப்பிவிட வாய்ப்பு அதிகம்.

புரோட்டான் என்ன செய்கிறது, என்ன செய்யாது

வழக்கமான கதிர்வீச்சுச் சிகிச்சையில் பயன்படும் எக்ஸ்ரே உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே போகிற வரைக்கும் வழியெல்லாம் ஆற்றலைச் சிந்திக்கொண்டே போகும். புரோட்டான் வேறு மாதிரி: உள்ளே போகப் போக வேகம் குறையும், குறையக் குறைய அதிகம் கொட்டும், கடைசிச் சில மில்லிமீட்டரில் மிச்சத்தையெல்லாம் இறக்கிவிட்டு நின்றுவிடும், அதற்கப்பால் கிட்டத்தட்ட எதுவும் போகாது. இந்தக் கடைசி எகிறலுக்குப் பிராக் உச்சம் என்று பெயர். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-ல் எழுதினார், 1954-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், 1990-ல் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் நோயாளிகளுக்கென்றே கட்டிய மையம் திறந்தது. ஆக இது நேற்று வந்த சரக்கு இல்லை.

இப்போது பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிற இடம். புரோட்டான் காப்பாற்றுவது கட்டிக்குப் பின்னால் இருப்பதைத்தான், முன்னால் இருக்கும் தோலை இல்லை. ஆழத்தில் இருக்கும் ஒரு கட்டிக்கு அதிக ஆற்றல் எக்ஸ்ரே கொடுத்தால் மேல்தோலுக்குக் குறைவாகவே படும், அதே கட்டிக்குப் புரோட்டான் கொடுத்தால் மேல்தோலுக்கு இன்னும் கூடுதலாகப் படலாம், காரணம் கட்டியின் முழுத் தடிமனையும் மூட வெவ்வேறு ஆழத்தில் நிற்கும் பல கற்றைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அனுப்ப வேண்டியிருக்கிறது. நோயே தோலில்தான் என்றால் இது குறையும் இல்லை, ஏனென்றால் தோலுக்கு முழு அளவு கிடைத்தாக வேண்டும். ஆனால் 'புரோட்டான் என்றால் தோல் பொசுங்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு கணக்கு. பல இயந்திரங்களின் குறைந்தபட்ச ஆற்றல் 70 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஒட்டியது, அந்தப் புரோட்டான் தண்ணீரில் சுமார் 4 சென்டிமீட்டர் போய்த்தான் நிற்கும். தோலில் 3 மில்லிமீட்டர் கட்டிக்கு அதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் முன்னால் ஒரு தடித்த பிளாஸ்டிக் பலகையை வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டும், அப்படிச் செய்தால் கற்றையின் ஓரக் கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். அதே வேலையை 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான் கற்றை எளிதாகச் செய்யும், அது 3 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும், சாதாரணக் கதிர்வீச்சு இயந்திரத்திலேயே கிடைக்கும். மேலோட்டமான கட்டிகளுக்குக் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே உண்டு, தோலின் மேலேயே கதிரியக்கப் பொருளை வைக்கும் பிராக்கிதெரபி உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் அறுவை இருக்கிறது: படலம் படலமாக வெட்டி அங்கேயே நுண்ணோக்கியில் ஓரம் பார்க்கும் மோஸ் முறையில், முதன்முறை வந்த பேசல் செல் கட்டி 100-க்கு 95 பேருக்கும் மேல் குணமாகிறது. இதை எதிர்த்து நின்று ஜெயிக்கப் புரோட்டானுக்கு அங்கே வேலையே இல்லை.

அப்படியென்றால் யார் கேட்க வேண்டும்

நரம்பு வழிப் பரவல்தான் முதல் காரணம். நெற்றியிலோ கன்னத்திலோ தொடங்கிய ஸ்குவாமஸ் செல் ஐந்தாம் நரம்பைப் பிடித்து மண்டையோட்டின் அடிப்பகுதி வரை போயிருந்தால், அந்தப் பாதை முழுவதற்கும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், ஆனால் பக்கத்திலேயே பார்வை நரம்பு, மூளைத் தண்டு, உட்செவி எல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. வழக்கமான தினசரி அளவில் கொடுக்கும்போது பார்வை நரம்புக்கு 55 கிரே (திசு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), மூளைத் தண்டுக்கு 54 கிரே என்பவை பொதுவாக மருத்துவர்கள் தாண்டத் தயங்கும் எல்லைகள், ஆனால் கட்டிக்கோ 60 முதல் 70 வரை தேவைப்படும். சில மில்லிமீட்டர் இடைவெளியில் இந்த வித்தியாசத்தைச் சமாளிக்க வேண்டிய இடத்தில்தான், குறித்த ஆழத்தில் நின்றுவிடும் கற்றை தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அடுத்தது, ஏற்கெனவே அதே இடத்தில் கதிர்வீச்சு வாங்கியவர்கள். இரண்டாம் முறை கொடுக்கும்போது பழைய கணக்கும் சேர்ந்துகொள்ளும், சுற்றியிருக்கும் திசுக்களுக்கு மிச்சம் தாங்கும் சக்தி குறைவு, அதனால் வீணாகச் சிந்தும் ஒவ்வொரு கிரேயும் முக்கியம். கண்குழிக்குள் இறங்கிய பேசல் செல் கட்டியில் கண்ணை எடுக்காமல் சமாளிக்க முடியுமா என்ற கேள்வி எழும்போதும் இதைக் கேட்கலாம். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் கழுத்தின் ஒரு பக்க நிணநீர் முடிச்சுகளுக்கும் கொடுக்க வேண்டியிருந்தால், மறுபக்கச் சுரப்பியையும் வாயின் உட்பகுதியையும் காப்பாற்ற உதவும். சாப்பாட்டின் ருசியும் எச்சிலும் போய்விட்டால் மனிதன் படுகிற பாடு கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கையிலோ முதுகிலோ உள்ள கட்டிக்கு மட்டும் இந்த வாதம் எதுவும் பொருந்தாது, பின்னால் காப்பாற்ற அப்படி ஒன்றும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் 'மெலனோமா, புரோட்டான்' என்று தேடினால் பிரமாதமான முடிவுகள் வந்து விழும், அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குள் வரும் மெலனோமாவைப் பற்றியவை. அங்கே கண்ணின் வெளிச்சுவரில் சின்ன டான்டலம் உலோக வில்லைகளைத் தைத்து இலக்கைக் குறித்துக்கொண்டு நான்கைந்து நாட்களில் சிகிச்சையை முடிக்கிறார்கள், கட்டி அடங்குவது 100-க்கு 90-ஐத் தாண்டுகிறது. அது தோல் நோய் இல்லை. அந்த எண்களை எடுத்துக்கொண்டு உங்கள் தோள்பட்டை மச்சத்துக்குப் பொருத்தாதீர்கள்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. கோர்லின் நோய்க்குறி என்ற மரபுக் கோளாறு உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு பட்ட இடத்தில் புதிதாகப் பேசல் செல் கட்டிகள் கூட்டமாக முளைக்கும், ஆகவே சிறு வயதிலிருந்தே பல கட்டிகள் வந்திருந்தால் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். ஸ்க்லீரோடெர்மா, லூபஸ் போன்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்கள் தீவிரமாக இருந்தாலும் மருத்துவர் யோசிப்பார். அறுவைக்கு வழியிருக்கும் இளையவர்களுக்கு எந்தக் கதிர்வீச்சும் முதல் தேர்வாக இருக்காது, பல ஆண்டு கழித்து அதே இடத்தில் இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பும் தோல் மெலிந்துபோவதும்தான் காரணம்.

மருத்துவரிடம் கேட்பது எப்படி

'புரோட்டான் நல்லதா?' என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது. 'என் ஸ்கேனை வைத்துப் புரோட்டான் திட்டம் ஒன்றும், ஐஎம்ஆர்டி (கற்றையின் வலிமையை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் முறை) எக்ஸ்ரே திட்டம் ஒன்றும் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடியுமா?' என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையில் நான் உங்களுக்குக் கொடுக்கக்கூடிய உருப்படியான ஆயுதம். கணினியில் இரண்டும் வண்ணப் படமாக வரும், ஒவ்வோர் உறுப்புக்கும் எத்தனை கிரே என்று எண்ணும் வரும். பார்வை நரம்புக்கு எவ்வளவு, உட்செவிக்கு எவ்வளவு (சராசரி 45 கிரேக்குள் இருந்தால் கேட்கும் திறனுக்கு நல்லது), உமிழ்நீர்ச் சுரப்பிக்கு எவ்வளவு என்று வரி வரியாகப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு கிரேதான் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே சிகிச்சையே எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். பார்வை நரம்புக்கு ஒன்றில் 60, இன்னொன்றில் 50 என்று வந்தால் அது யோசிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம் கேட்க வேண்டியது, இந்த மையம் தலை, கழுத்துப் பகுதியில் புரோட்டான் கொடுத்த அனுபவம் எவ்வளவு என்பது. இயந்திரம் இருப்பதும் கை பழகியிருப்பதும் வேறு வேறு. சிடி ஸ்கேனிலிருந்து புரோட்டான் நிற்கும் ஆழத்தைக் கணக்கிடுவதில் சுமார் 3.5 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று வைத்துத்தான் பலர் திட்டமிடுகிறார்கள், அதாவது 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்றரை மில்லிமீட்டர். எக்ஸ்ரேயில் அவ்வளவு தொந்தரவு தராத இந்தப் பிழை, சட்டென்று நிற்கும் கற்றையில் இலக்கைத் தவறவிடவோ நரம்பைச் சுடவோ போதுமானது. அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டால் பழகினவர்கள் பட்டென்று விளக்குவார்கள்.

ஆதாரத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வைத்துவிடுங்கள். தோல் புற்றுநோயில் புரோட்டானுக்கு உள்ள சான்றுகள் பெரும்பாலும் குறைந்த எண்ணிக்கை நோயாளிகளைப் பின்தொடர்ந்து எழுதியவை. புரோட்டான் நோயை அதிகமாகக் குணப்படுத்துகிறது என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள், பக்கவிளைவு குறையலாம் என்பதுதான் நியாயமான வாதம்.

காப்பீடு இருந்தால் முன் அனுமதி வாங்கும் வேலையை முதல் சந்திப்பிலேயே தொடங்கிவிடுங்கள், முதலில் மறுப்பதும் பிறகு மேல்முறையீட்டில் விவாதிப்பதும் சகஜம், அப்போது மேலே சொன்ன இரட்டைத் திட்டம்தான் கையில் இருக்கும் சாட்சி. ஆனால் இதற்காகக் காலத்தைக் கடத்த வேண்டாம். அறுவைக்குப் பிறகான கதிர்வீச்சைக் காயம் ஆறியதும், பொதுவாக 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கப் பார்ப்பார்கள், மெர்கெல் செல்லில் இன்னும் அவசரம். அனுமதிக்காகக் காத்திருந்து நோய் திரும்பிவிட்டால் எந்தத் துகள் வந்து என்ன பயன்? ஒரு தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கிடைக்கவில்லையென்றால் எக்ஸ்ரேயில் தொடங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொரு வழியும் மேசையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வெட்டவும் முடியாத, கதிர்வீச்சுக்கும் பொருந்தாத ஸ்குவாமஸ் செல்லுக்கு செமிப்லிமாப் என்ற, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, முற்றிய பேசல் செல்லுக்கு விஸ்மோடெகிப் மாத்திரை 2012-லேயே வந்துவிட்டது. கதிர்வீச்சு மருத்துவரிடம் மட்டும் கேட்டால் கதிர்வீச்சைப் பற்றித்தான் பேசுவார், அது மனித இயல்பு, ஆகவே அறுவை, மருந்து, கதிர்வீச்சு மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுக் கூட்டத்தில் உங்கள் கேஸை வைக்கச் சொல்லுங்கள்.

முடிவெடுத்த பிறகு

வாய், தாடைப் பக்கம் கதிர்வீச்சு என்றால் முதலில் பல் மருத்துவர். எடுக்க வேண்டிய பல்லைத் தொடங்குவதற்கு 2 வாரமாவது முன்பே எடுத்துவிட வேண்டும், சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தாடையில் கை வைத்தால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு. உலோகத்தால் அடைத்த பல், முகத்தில் பொருத்திய தகடு, பேஸ்மேக்கர் எதுவானாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உலோகம் சிடி படத்தில் கோடு கோடாக விழுந்து ஆழக் கணக்கைக் குழப்பும், புரோட்டான் கற்றையிலிருந்து சிதறும் நியூட்ரான்கள் பேஸ்மேக்கரின் மின்னணுவைத் தொந்தரவு செய்யலாம்.

திட்டமிடும் நாளில் சுடுநீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி மாஸ்க் செய்வார்கள், அது சில நிமிடத்தில் இறுகிவிடும். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிற ஆளா நீங்கள்? வெட்கப்படாமல் சொல்லுங்கள், கண் பக்கம் வெட்டிவிடுவார்கள் அல்லது லேசான மருந்து தருவார்கள். தாடி வைத்திருந்தால் அன்று எப்படி இருக்கிறதோ அப்படியே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள், கட்டுத்துணியின் தடிமனும் அப்படித்தான். மாஸ்க் பொருந்துவதற்கும் இது முக்கியம், கற்றை நிற்கும் ஆழத்துக்கும் முக்கியம். திட்டம் தயாராக ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

பிறகு வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 30 முதல் 35 முறை என்பது வழக்கமான கணக்கு. அறைக்குள் அரை மணி நேரம் இருப்பீர்கள், அதில் பெரும்பகுதி உங்களைச் சரியாகப் படுக்க வைப்பதற்கே போகும், கற்றை வருவது ஓரிரு நிமிடம்தான், வலிக்காது. வெளியே வந்ததும் குழந்தையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், உங்களிடமிருந்து யாருக்கும் கதிர் பரவாது. ஒரு விஷயத்தை முன்பே கேட்டு வையுங்கள்: இயந்திரம் பழுதானால் என்ன செய்வீர்கள்? பல மையங்களில் புரோட்டான்களை வேகப்படுத்தும் ஒரே சைக்ளோட்ரான் இயந்திரம்தான் எல்லா அறைகளுக்கும் கற்றை அனுப்புகிறது, அது நின்றால் எல்லாம் நிற்கும், நாட்கணக்கில் இடைவெளி விழுந்தால் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும், ஆகவே மாற்றாக ஓர் எக்ஸ்ரே திட்டம் தயாராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு, மூன்று வாரம் வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் தோல் சிவக்கும், மாநிறமோ கறுப்போ உள்ளவர்களுக்குச் சிவப்பை விடக் கருமை தூக்கலாகத் தெரியும், அதனால் 'சிவக்கவே இல்லையே' என்று யாராவது அலட்சியப்படுத்தினால் எரிச்சலும் தொடுசூடும் இருப்பதைச் சொல்லிக் காட்டுங்கள். கடைசி வாரங்களில் உரியலாம், நீர் கசியலாம். வாசனையில்லாத சாதாரண ஈரப்பதக் களிம்பு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு போதும், தேய்க்க வேண்டாம், ஐஸ் வைக்க வேண்டாம். சிகிச்சை முடிந்த மறுநாளே ஆறத் தொடங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், முடிந்து ஒரு வாரம் பத்து நாளில்தான் உச்சத்துக்குப் போகும், அப்புறம் சில வாரங்களில் ஆறும். அந்த இடத்து முடி உதிர்ந்தால் திரும்பி வராமலும் போகலாம். எடை குறைந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே சொல்லுங்கள், மாஸ்க் தளர்ந்தால் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டத்தைத் திருத்துவார்கள். புகை பிடிப்பவராக இருந்தால் இந்த ஏழு வாரமாவது நிறுத்திப் பாருங்கள், புண் ஆறுவதில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

முடிந்த பிறகு முதல் சில ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை முழு உடம்புத் தோலையும் கழுத்தையும் பரிசோதிக்க வேண்டும், நரம்பு நோய் இருந்தவர்களுக்கு எம்ஆர்ஐயும் சேர்த்து. ஒரு முறை வந்தவருக்கு வேறிடத்தில் இன்னொன்று வருவது இந்த நோயில் சாதாரணம். அதனால் மையத்தை விட்டுக் கிளம்பும் கடைசி நாளில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த இடம், மொத்தம் எத்தனை கிரே, எத்தனை நாளில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கூடவே திட்டத்தின் முழுக் கோப்பும் ஒரு டிஸ்க்கில். பத்து வருடம் கழித்து வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர், இதே இடத்துக்கு இன்னும் எவ்வளவு கொடுக்கலாம் என்று யோசிக்கும்போது அந்த டிஸ்க்கைத்தான் முதலில் கேட்பார்.